பேசத் தெரிந்தவரும் வேலை தெரிந்தவரும்

வாசகர் கேள்வி – பதில்

ஒரு அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ புது சாப்ட்வேர் செய்யும்போது, அதை நாளைக்குப் பயன்படுத்தப் போகிறவர்கள் எவ்வளவு பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும்? நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து இதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் கடன் சங்கத்துக்கு நகைக்கடன் சாப்ட்வேர் செய்ய வந்தவர்கள் மூன்று கூட்டம் போட்டார்கள். மூன்றிலும் மேலே உள்ளவர்கள்தான் பேசினார்கள். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்கள். இருபது வருஷமாகக் கவுண்டரில் இருக்கிற எனக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது சாப்ட்வேர் வந்துவிட்டது, பாதி வேலையை நோட்டில்தான் செய்கிறோம். பேசத் தெரியாதது எங்கள் குற்றமா?
– அம்பாசமுத்திரம் வட்டத்து வாசகி

பதில்: இல்லை அக்கா. அந்தக் கேள்விதான் தப்பு. "என்ன வேணும்?" என்பது கடையில் கேட்கிற கேள்வி. சொதி வைக்கிறவரிடம் உப்பு எவ்வளவு என்று கேட்டால் விரலைக் குவித்துக் காட்டுவார். அளவு அவருக்குத் தெரியும், ஆனால் அது சொல்லில் இல்லை, கையில் இருக்கிறது. இருபது வருஷம் கை பழகின வேலையும் அப்படித்தான். அதை நாலு பேர் முன்னால், அதுவும் சம்பள உயர்வு எழுதுகிற அதிகாரி பக்கத்தில் இருக்கும்போது, "மாட்யூல்", "மாஸ்டர்", "ஒர்க்ஃப்ளோ" என்று அரை மணி நேரம் கேட்டுக் களைத்த பிறகு, திடீரென்று வாக்கியமாகச் சொல் என்றால் யாருக்கும் வராது.

என்ன விட்டுப்போயிருக்கும் என்பதை ஊகிக்கலாம். மேலே உள்ளவர் சொன்னது நேர்வழி: மதிப்பீட்டாளர் நிறுப்பார், மொத்த எடையில் கல்லும் அரக்கும் கழித்து நிகர எடை எழுதுவார், கடன் தொகை போடுவார்கள், நகை பைக்குள் போய் முத்திரை விழும். இதில் தப்பே இல்லை. ஆனால் கவுண்டருக்கு வருகிறவர்கள் நேர்வழியில் மட்டுமா வருகிறார்கள்? அடகு வைத்த இரண்டு வளையலில் ஒன்றை மட்டும் திருப்ப ஒருவர் வருவார். ரசீதைத் தொலைத்தவர் வருவார். அப்பா பெயரில் கடன், கட்ட வந்தது மகன். கடன் வாங்கினவர் காலமாகி, வாரிசுகள் மூன்று பேர் ஒன்றாக வந்து நிற்பார்கள். வட்டியை மட்டும் கட்டிவிட்டு மறுபடி வைக்கிறேன் என்பார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரீனில் ஒரு இடம் வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர் அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் பேசாமல் எழுந்து வந்தீர்கள். சாப்ட்வேர் பாதியாக வந்ததற்குக் காரணம் இதுவே.

இனி செய்ய வேண்டியது. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நான்கு பத்தி போடுங்கள்: தேதி, வந்தவர் கேட்டது, நீங்கள் செய்தது, எந்தப் புத்தகத்தில் எழுதினீர்கள். இரண்டு வாரம் எழுதுங்கள். அதில் மாதக் கடைசியும் மாத முதல் வாரமும் விழட்டும். எல்லாவற்றையும் எழுத வேண்டாம், வழக்கத்துக்கு மாறாக வந்தது மட்டும் போதும். அதோடு பழைய பேரேட்டைப் புரட்டி, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிற இடங்களையெல்லாம் போட்டோ எடுங்கள். அச்சடித்த கட்டத்துக்குள் அடங்காத விஷயத்தைத்தான் ஓரத்தில் எழுதியிருப்பீர்கள். சாப்ட்வேரிலும் சரியாக அந்த இடத்தில்தான் கட்டம் இருக்காது.

அடுத்த தடவை அவர்கள் வரும்போது மூன்று வாக்கியம் போதும். நடந்தது ஒன்று, எத்தனை தடவை நடக்கிறது என்பது ஒன்று, வழி இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பது ஒன்று. நம்ம ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள்: "ரெண்டு வளையல் வச்சிருந்தாவ, ஒண்ணை மட்டும் திருப்பணும்னு வந்தாவ. வாரத்துல நாலஞ்சு பேரு இப்படி வாராவ. ஸ்கிரீன்ல அதுக்கு வழி இல்லாம மொத்தக் கணக்கையும் முடிச்சு, நகையை மறுபடி நிறுத்து, புதுக் கடன் போடுதோம், ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் போவுது." இதை எந்த புரோகிராமரும் தட்டிக்கழிக்க முடியாது. "சாப்ட்வேர் சரியில்லை" என்று சொன்னால் தட்டிக்கழிக்கலாம்.

இப்போது நோட்டில் செய்கிறோம் என்றீர்களே, அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திருத்தப் பட்டியல் அதுதான்.

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் சிறு நிறுவனங்களுக்கு சாப்ட்வேர் செய்து கொடுக்கிறேன். டெமோ காட்டும்போது எல்லோரும் "சரி சார், சரி சார்" என்கிறார்கள். கையெழுத்தும் போடுகிறார்கள். வேலை முடித்துக் கொடுத்த மறுநாள், "இது இப்படி இல்லையே" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– புரோகிராமர்

பதில்: ஏமாற்றவில்லை. நம்ம ஊர் "சரி"க்கு மூன்று பொருள் உண்டு. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பது ஒன்று. புரிந்தது என்பது இன்னொன்று. ஒத்துக்கொள்கிறேன் என்பது மூன்றாவது. வந்த ஆளை மரியாதையாகப் பேசவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிற "சரி" முதல் வகை. நீங்கள் அதை மூன்றாவதாக எடுத்துக்கொண்டு கோடிங் எழுதப் போய்விடுகிறீர்கள்.

ஆகவே "சரியா?", "புரியுதா?", "ஓகேவா?" என்று கேட்பதை விடுங்கள். ஆம் என்ற ஒரே பதிலில் முடிகிற கேள்வி எதுவும் இந்த வேலைக்கு உதவாது. பழைய சம்பவத்தைக் கேளுங்கள்: "போன திங்கக்கிழமை கடைசியா வந்த பில்லை எடுங்க அண்ணாச்சி. இதை யாரு கொண்டுவந்தா? முதல்ல எங்க எழுதுனீங்க? அப்புறம் யாருகிட்ட போச்சு?" பில் கையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். அவர் யோசிக்கிற அந்த நேரத்தை நீங்களே பேசி நிரப்பிவிடுகிறீர்கள், பெரும்பாலான கூட்டங்கள் கெடுவது அங்கேதான்.

டெமோவில் "ஏபிசி டிரேடர்ஸ், 123, டெஸ்ட்" என்று போட்டுக் காட்டினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நேற்றைய தேதியில் அவர்கள் எழுதிய பத்து ரசீதை வாங்கி, அதே பெயர், அதே தொகையோடு ஏற்றிக் காட்டுங்கள். என்ன வேண்டும் என்று சொல்ல முடியாதவர்கூட எது தப்பு என்று உடனே சொல்லிவிடுவார். "இவுகளுக்கு நாம லாரி வாடகை போடமாட்டோமே!" என்று ஒரு குரல் வரும். மூன்று கூட்டத்தில் வராத விதி அந்த ஒரு வரியில் வந்துவிடும்.

கூட்டத்தை அடுக்கிற முறையும் முக்கியம். முதலாளியும் மேலாளரும் கணக்கரும் கிடங்கு ஆளும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் முதலாளி மட்டும்தான் பேசுவார். ஒரே தரத்தில் வேலை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர், ஒரு மணி நேரம், ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரைத் தனியாகப் பாருங்கள். கூட்டத்துக்கு முன்பே இரண்டு அரை நாள் அவர்கள் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். ஒன்று கூட்டம் அலைமோதும் நாள், ஒன்று ஓய்வான நாள். வாடிக்கையாளர் நிற்கும்போது எதையும் கேட்காதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே கேளுங்கள், மறுநாள் ஆகிவிட்டால் ஏன் அப்படிச் செய்தோம் என்று அவர்களுக்கே மறந்திருக்கும்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே. அவர் "நாள்வழி" என்றால் நீங்களும் "நாள்வழி" என்றே சொல்லுங்கள், "டிரான்ஸாக்ஷன் லாக்" என்று மாற்றாதீர்கள். மறுநாளைக்குள் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் எண் போட்டு எழுதிக் கொண்டுபோய், வாசித்துக் காட்டி, ஒவ்வொரு எண்ணையும் ஒருவரிடம் கொடுத்து, "இது எப்ப பொருந்தாது?" என்று கேளுங்கள். "இது சரியா?" என்பதைவிட இந்தக் கேள்வி பலமடங்கு வேலை செய்யும்.

இவ்வளவு செய்தாலும் மாற்றம் கேட்பார்கள். கண்ணால் பார்த்த பிறகுதான் மனிதனுக்குச் சில விஷயம் தோன்றும், அது இயல்பு. அதனால் விலை பேசும்போதே இரண்டு சுற்றுத் திருத்தத்தைச் சேர்த்துப் பேசுங்கள். முதல் சுற்றைக் காகிதத்தில் முடித்துவிடுங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும்போது வாசலைத் தள்ளி வைக்கச் சொன்னால் காலால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். நிலை வைத்த பிறகு சொன்னால் சுவரை இடிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆபீசில் ஒருவர் ரொம்ப நன்றாகப் பேசுவார். சாப்ட்வேர் கூட்டத்துக்கெல்லாம் அவரையே அனுப்பிவிடுகிறோம். போதும்தானே?
– வள்ளியூர்

பதில்: போதாது. நன்றாகப் பேசுகிறவர் தனக்குத் தெரியாததையும் நன்றாகவே பேசுவார், கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அவரோடு அந்த வேலையைத் தினமும் செய்கிற ஒருவரைச் சேர்த்து இரண்டு பேராக அனுப்புங்கள். பேசுகிறவர் பேசட்டும், மற்றவர் "இல்ல, அப்படி இல்ல" என்று மட்டும் சொன்னால் போதும். திரும்பி வந்ததும் இருவரும் மற்றவர்களுக்கு அரை மணி நேரம் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். சொல்லும்போதுதான், அங்கே ஒத்துக்கொண்டது இங்கே நடக்குமா என்பது தெரியும்.

கேள்வி: களக்காடு பக்கம் விவசாயிகள் சேர்ந்து கம்பெனி தொடங்கி, வாழையும் நெல்லும் வாங்கி விற்கிறோம். சாப்ட்வேர் செய்கிறவர் வெளியூர்க்காரர். இருவரும் தமிழ்தான் பேசுகிறோம், ஆனாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை.
– கணக்கர்

பதில்: ஒரே சொல், வேறு அளவு. உங்கள் சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கும். வேலை தொடங்கும் முன் ஒரு சொல்பட்டியல் போடுங்கள். முப்பது நாற்பது சொல் இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள், எந்த அளவு, ஒரு உதாரணம்.

நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உறுப்பினர் "ஒரு ஏக்கர் இருவது சென்ட்" என்பார். பட்டாவில் ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 40.47 ஏர். புரோகிராமர் பட்டாவைப் பார்த்து ஹெக்டேரில் கட்டம் போட்டுவிட்டால், களத்தில் எழுதுகிற பையன் 1.20 என்று ஏக்கர் கணக்கை அதில் அடித்துவிடுவான். நிலம் இரண்டரை மடங்காகிவிடும், அதை வைத்து உரக் கணக்கும் விளைச்சல் கணக்கும் கெடும். ஸ்கிரீனில் ஏக்கரும் சென்ட்டும் இரண்டு தனிக் கட்டமாக இருக்கட்டும், ஹெக்டேராக மாற்றுவது உள்ளே நடக்கட்டும். சென்ட் கட்டம் 99-க்கு மேல் வாங்கக் கூடாது.

நெல்லில் "மூட்டை" அபாயமான சொல். அரசுக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ, தனியார் வியாபாரத்தில் 75 கிலோ மூட்டையும் உண்டு. பெரியவர்கள் இன்னும் கோட்டையில் சொல்வார்கள். நம்ம சீமையில் ஒரு கோட்டைக்கு 21 மரக்கால், அது முகத்தல் அளவு, எடை அல்ல. எனவே மூட்டை எண்ணிக்கையும் கிலோவும் இரண்டும் பதிவாக வேண்டும், பணம் கிலோவில் மட்டுமே கணக்காக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வாழையில், வெளியூர்க்காரர் பட்டியலில் "நேந்திரன்" இருக்கும். களக்காட்டில் அது ஏத்தன். பட்டியலில் ஏத்தனைத் தேடிக் காணாத பையன் "மற்றவை" என்று போட்டுவிடுவான். வருஷக் கடைசியில் உங்கள் பெரிய சரக்கு முழுவதும் "மற்றவை"யில் கிடக்கும்.

"இந்த வருஷம்" என்பதையும் பட்டியலில் சேருங்கள். கணக்குத் தணிக்கைக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்கும். அடங்கலுக்கு (கிராமப் பயிர்ப் பதிவேடு) பசலி ஆண்டு, அது ஜூலை 1-ல் தொடங்கும், 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. உறுப்பினர் வீட்டில் வருஷம் சித்திரையில் பிறக்கும். "போன வருஷ ரிப்போர்ட்" என்று மூன்று பேர் கேட்டால் மூன்று ரிப்போர்ட். இது பேசும்போது யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் தன் வருஷம்தான் வருஷம்.

கேள்வி: மருத்துவமனையில் பதிவுப் பிரிவில் இருக்கிறேன். சாப்ட்வேர் கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. புரிகிறது, ஆனால் பதில் பேசக் கூச்சமாக இருக்கிறது.
– திருநெல்வேலி டவுண்

பதில்: தமிழில் பேசுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். உங்களிடம் இருக்கிற தகவல் அவர்களுக்குத் தேவை, அதைப் புரிந்துகொள்கிற பொறுப்பு அவர்களுடையது. ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "எனக்கு இது விளங்கலை, ஒரு நோயாளி பேரை வச்சு சொல்லுங்க." இதைக் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பிரிவே உதாரணம்.

வெளியிலிருந்து வருகிற சாப்ட்வேரில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மிடம் இருப்பது பெயரும் தலைப்பெழுத்தும். ஒருவர் தலைப்பெழுத்தை முன் கட்டத்தில் போடுவார், இன்னொருவர் பின் கட்டத்தில் போடுவார், ஒரே நோயாளிக்கு இரண்டு எண் உண்டாகும். அடுத்து, நம்ம பக்கத்தில் இசக்கியம்மாள், பேச்சியம்மாள், சுடலைமுத்து, காந்திமதி என்று தேடினால் ஸ்கிரீன் நிறையப் பெயர் வரும். ஆங்கிலத்தில் எழுதும்போது இசக்கி என்பதை "ஐ"யில் தொடங்குகிறவரும் உண்டு, "ஈ"யில் தொடங்குகிறவரும் உண்டு, நடுவில் "எஸ்" ஒன்று போடுகிறவரும் உண்டு, இரண்டு போடுகிறவரும் உண்டு. தேடிக் கிடைக்கவில்லை என்றால் நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது யாரும் நாலு விதமாகத் தேடிப் பார்க்க மாட்டார்கள், புது எண் போட்டுவிடுவார்கள். பழைய மருந்து விவரம், ஒவ்வாமைக் குறிப்பு எல்லாம் பழைய எண்ணில் கிடக்கும்.

இதற்கு வழி உங்களுக்குத் தெரியும், நீங்கள் தினமும் வாயால் கேட்பதுதான்: தகப்பனார் பெயர் அல்லது வீட்டுக்காரர் பெயர், தெரு, வயது, போன் எண். தேடல் முடிவில் இந்த நான்கும் பெயரோடு ஒரே வரியில் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். போன் எண் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது, ஒரு வீட்டில் நாலு பேருக்கும் ஒரே எண் இருக்கும். பெயரைத் தமிழில் ஒருமுறை, ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்தில் ஒருமுறை பதியச் சொல்லுங்கள். தமிழ் யூனிகோடில் (எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கிற எழுத்துமுறையில்) இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பட்டியலை அப்படியே ஏற்றினால் பார்க்கத் தமிழாகத் தெரிந்தாலும் தேடலில் அகப்படாது. அடிப்பதற்கு தமிழ்99 விசைப்பலகையும் பழைய தட்டச்சு முறையும் இரண்டும் வேண்டும், உங்களில் மூத்தவர்கள் பலர் தட்டச்சு படித்து வந்தவர்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது போன மாதத்தில் இரட்டை எண் விழுந்த பத்து நோயாளிகளின் விவரத்தை எழுதிக் கொண்டுபோங்கள். அந்தத் தாள் பேசும்.

கேள்வி: முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்காகக் கணக்குப் பார்க்கும் மொபைல் செயலி ஒன்று செய்கிறோம். பலர் அதிகம் படிக்காதவர்கள். கூட்டிப் பேசினால் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறார்கள்.
– இரு மாணவர்கள்

பதில்: அவர்களுக்கு நேரம் என்பது பீடி. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரை ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைத்தால் அவர் கூலி குறைகிறது. பீடித்தட்டு மடியில் இருக்கும்போதே, அவர்கள் சேர்ந்து உட்காருகிற திண்ணைக்குப் போய்ப் பேசுங்கள். கை சுற்றிக்கொண்டிருந்தால் வாய் தாராளமாகப் பேசும்.

ஸ்கிரீனைக் காகிதத்தில் செய்யுங்கள். போன் அளவுக்கு அட்டை வெட்டி, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வேலை வரையுங்கள்: இலை, தூள், நூல் வாங்கியது, கட்டு கொடுத்தது, சரியில்லை என்று பீடியைக் கழித்துவிட்டது, பாஸ் புத்தகத்தில் ஏறியது. அட்டைகளைக் குலுக்கிக் கொடுத்து, நடக்கிற வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கும்போது அவர்களுக்குள் சண்டை வரும், "எங்க கடையில இப்படி இல்ல" என்பார்கள். அதுதான் நீங்கள் தேடி வந்த தகவல். எழுதிக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். எது முதலில் வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, முக்கியமான அட்டைமேல் வைக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காத பெண்ணின் கொட்டையும் சத்தமாகப் பேசுகிறவரின் கொட்டையும் ஒரே எண்ணிக்கைதான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். இவ்வளவு இலைக்கு இத்தனை பீடி என்று நிலையான கணக்கைச் செயலியில் வைத்தால், இலை மோசமாக வந்த வாரத்தில் அந்தப் பெண்தான் குறைத்துக் கொடுத்ததாகக் காட்டும். ஓட்டை இலை, சிறு இலை என்று எழுத ஒரு இடம் வேண்டும். அதைக் கேட்காமல் செய்தால் உங்கள் செயலி அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும், ஒருவரும் அதைத் திறக்க மாட்டார்கள். நியாயம்தான்.

கேள்வி: தொழிலாளர்களைக் கேட்டு கணினி முறை அமைப்பது எங்காவது நிஜமாக நடந்திருக்கிறதா, அல்லது பேச்சுக்குத்தானா?
– தென்காசி

பதில்: நடந்திருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் நார்வேயில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கிறிஸ்டன் நைகார்டு வேலை செய்தார். சிமுலா என்ற கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். தொழிற்சாலைக்குள் வருகிற கணினியைப் பற்றித் தொழிலாளர்களே படித்து, தங்கள் நிலையைத் தாங்களே சொல்ல வைத்தது அந்த முயற்சி. ஸ்வீடன், டென்மார்க் பத்திரிகை அச்சுத் தொழிலாளர்களோடு 1981-ல் தொடங்கிய உடோபியா திட்டத்தில், அப்போது கைக்கு வராத கருவிகளை அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் செய்து வைத்து, அதன் முன் நின்று வேலை பார்க்கச் சொன்னார்கள். ஒரு காலி அட்டைப்பெட்டிதான் லேசர் பிரிண்டர். அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியாமல் இருந்தவர்கள் பெட்டி முன் நின்றதும் பேசினார்கள். மேலே அட்டையில் ஸ்கிரீன் செய்யச் சொன்னோமே, அதற்கு மூலம் இதுதான். இங்கிலாந்தில் ஈனிட் மம்ஃபோர்டு, வேலை செய்கிறவர்களே முறையை வடிவமைக்கிற வழிமுறையை வளர்த்தார். ஐபிஎம் கணினி நிறுவனத்தில் 1970-களின் கடைசியில் பயன்படுத்துகிறவர்களையும் கணினிக்காரர்களையும் ஒரே அறையில் உட்கார்த்தி முடிவெடுக்கும் பட்டறை முறை பிறந்தது.

ஆய்வுப் பக்கம், 1989-ல் பார்கி, ஹார்ட்விக் என்ற இருவர் ஒரு பயனுள்ள பிரிவினை செய்தார்கள். கூட்டத்துக்கு வருவது, கையெழுத்துப் போடுவது போன்ற செயல்கள் ஒன்று. இது என் வேலைக்கு முக்கியம் என்று மனசு ஈடுபடுவது வேறொன்று. வருகைப் பதிவேடு முதலாவதை மட்டும்தான் காட்டும்.

கேள்வி: மகளிர் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதும் பதினைந்து பேருக்கு, சாப்ட்வேர் கூட்டத்துக்கு முன் ஒரு பயிற்சி வைக்க நினைக்கிறோம். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா?
– சங்கரன்கோவில்

பதில்: ஆங்கிலம் வேண்டாம். அரை நாள் போதும். முதல் ஒரு மணி நேரம் இதைச் செய்யுங்கள்: ஒருவர் கருப்பட்டிக் காப்பி போடும் முறையைச் சொல்ல, இன்னொருவர் சொன்னதை மட்டும், சொன்னபடி மட்டும் செய்வதாக நடித்துக் காட்ட வேண்டும். "கருப்பட்டியைப் போடு" என்றால் தட்டாமல் முழு வட்டையும் போடுவார். வடிகட்டச் சொல்லவில்லை என்றால் மண்ணோடு டம்ளரில் ஊற்றுவார். கம்ப்யூட்டர் எப்படிக் கேட்கும் என்பது இதில் விளங்கும், அடுத்து அவர்கள் கடன் தவணை பதிகிற முறையைச் சொல்லும்போது தானாகவே படிப்படியாகச் சொல்வார்கள்.

இரண்டாவது மணி நேரம் மூன்று சொல்லைப் பிரித்துப் பழகட்டும்: எப்போதும், பெரும்பாலும், சில சமயம். "ஒரு குழுவில் பன்னிரண்டு பேர்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் "எப்போதுமா?" என்று கேட்க வேண்டும். "எப்போதும்" என்று புரோகிராமர் எழுதிக்கொண்டால் பதின்மூன்றாவது ஆளை ஸ்கிரீன் வாங்காது. மிச்ச நேரத்தில் "விளங்கலை", "இது எங்களுக்கு ஒத்துவராது", "யோசிச்சு நாளைக்குச் சொல்லுதோம்" ஆகிய மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பழக வையுங்கள். கேலியாகத் தோன்றும். ஆனால் பேன்ட் சட்டை போட்டு லேப்டாப்போடு வந்த தம்பி முன்னால் முதல் தடவையாக மறுத்துச் சொல்வது லேசான காரியமில்லை.

கேள்வி: அரிசி ஆலையில் புது சாப்ட்வேர் ஓடுகிறது. கோளாறு சொன்னால் "எங்க சிஸ்டத்துல சரியா வருதே" என்கிறார்கள். பழைய நோட்டை எப்போது நிறுத்துவது?
– ஆலங்குளம்

பதில்: "வேலை செய்யல" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நாலு விஷயம் சொல்லுங்கள்: எதை அழுத்தினேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, எந்த பில் எண்ணில் எத்தனை மணிக்கு. எழுதத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பலாம், ஸ்கிரீன் போட்டோவோடு. "பில் 412, காலை பத்தே கால், எடை 1,240 கிலோ அடிச்சேன், 124 கிலோவுக்குத்தான் தொகை வந்துச்சு" என்றால் அவர் அன்றே கண்டுபிடிப்பார். ஒரு கோளாறுக்கு ஒரு செய்தி. ஐந்தைச் சேர்த்து அனுப்பினால் எளிதான இரண்டைச் சரிசெய்துவிட்டு "முடிஞ்சுது" என்பார்.

நோட்டை ஒரு முழு மாதமாவது கூடவே எழுதுங்கள், மாதக் கடைசிக் கணக்கு இரண்டிலும் ஒத்துப்போகும் வரை. அதற்குள் முப்பது பழைய பில்லை எடுத்து ஏற்றிப் பாருங்கள். இருபது சாதாரணமானது, பத்து தொல்லை கொடுத்தது: ஈரத்துக்கு எடை கழித்தது, பாதிச் சரக்கு திரும்பி வந்தது, முன்பணம் கழித்தது, ஒரே லாரியில் இரண்டு பேருடைய நெல் வந்தது. அந்தப் பத்தும் பைசா சுத்தமாக வந்தால்தான் ஏற்புக் கையெழுத்து. முதலாளி கையெழுத்துப் போடுவதற்கு முன், எடைமேடையில் நிற்கிறவரும் பில் போடுகிறவரும் அந்தத் தாளில் தங்கள் பெயரை எழுதட்டும்.